ரெக்கை வெளியே தெரியாத கப்பல்

வலியுல்லா பாய் இருபது வருஷத்துக்கு மேலாக அடுத்தவர்கள் குளிக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறார். அடையாறில் நான் சூப்பர்வைசராக இருக்கும் குடியிருப்பில் நீச்சல் குளம் அவர் பொறுப்பு. விடிவதற்கு முன்னால் வந்து, மிதக்கிற இலையையும் பூச்சியையும் வலையால் அள்ளி, குளோரின் போட்டு, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து நிறம் பார்த்து, காலையில் குளிக்க வருகிறவர்களுக்குத் திறந்துவிடுவார். மத்தியானம் மூடுவார். சாயங்காலம் மறுபடி திறப்பார். கண் எப்போதும் சிவந்தே இருக்கும். வேலைக்காரர்கள் குளத்தில் இறங்கிக் குளிக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. எழுதாவிட்டாலும் அவர் இறங்குகிற ஆள் இல்லை.

"நாள் பூரா அதுங்கூடவே கீறேன். அதுக்குள்ள வேற போணுமா?" என்பார்.

என் பெயர் புகழேந்தி. ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் வகையறாவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான், பி.இ. மெக்கானிக்கல், முதல் வகுப்பு. இதைச் சொல்ல நான் எங்கேயும் கூச்சப்பட்டதில்லை. இங்கே என் வேலை, டேங்கர் லாரி வந்ததா, லிஃப்ட் ஏன் நிற்கிறது, மாடிப்படியில் குப்பையை வைத்தது யார் என்று காலையிலிருந்து பதில் சொல்வது. படித்த படிப்பில் ஒரு பக்கம்கூட இந்த வேலைக்குத் தேவைப்பட்டதில்லை. பாயின் கப்பல் வந்த பிறகுதான் தேவைப்பட்டது.

கப்பல் என்று அவர் சொல்வது ரிமோட்டில் ஓடும் ஒரு குட்டி நீர்மூழ்கி. யாரோ குப்பையில் போட்ட விளையாட்டுப் படகிலிருந்து மோட்டாரையும் ரிமோட்டையும் எடுத்து, கை நீளமுள்ள தடிமனான பிவிசி குழாய் ஒன்றில் வைத்து, இரண்டு முனையையும் மூடி அவரே செய்தது. உள்ளே பெரிய ஊசிக்குழல் ஒன்று இருக்கும். அது தண்ணீரை உறிஞ்சினால் கப்பல் அமுங்கும், தள்ளினால் மிதக்கும். இப்போது வருகிற ரிமோட் எதுவும் தண்ணீருக்கு அடியில் எட்டாது. நீள ஆன்டெனா வைத்த அந்தப் பழைய ரிமோட்டின் சிக்னல்தான் ஆள் ஆழம் வரைக்கும் போகும். அது குப்பையில் கிடைத்ததைத் தன் வாழ்க்கையின் பெரிய அதிர்ஷ்டமாக அவர் சொல்வார்.

மத்தியானம் குளம் மூடியிருக்கும் நேரத்தில், சாப்பாட்டுக் கேரியரைக் கழுவி வைத்துவிட்டு, படிக்கட்டோரம் உட்கார்ந்து அதை ஓட்டுவார். நீலத் தரையின் மேல் அது நிழலோடு சேர்ந்து ஊர்ந்து போகும்.

"படகு வுட்டிருக்கலாமே பாய், எல்லாரும் பாப்பாங்களே" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மேல போறத்த எல்லாரும் பாப்பாங்க. கீழ போறது எனுக்கு மட்டும்தான் தெரியும்" என்றார்.

அவருடைய நாளில் அவருக்கென்று இருந்தது அந்த மத்தியானம் மட்டும். மீர்சாகிப்பேட்டையில் ஒரே அறை வீடு. ஒன்பதாவதோடு படிப்பை விட்டு சைக்கிள் கடை, அப்புறம் ஓட்டல் குளம், கிளப் குளம், இப்போது இது. மனைவி மெஹராஜ் ஒரு முறை போனில் கத்தியது எனக்கே கேட்டது: "இங்க கொழாயில சொட்டுத் தண்ணி வர்ல, நீ அங்க கப்பலு வுட்டுக்கினு கீற!"

அந்த மத்தியானமும் போகும்படி ஆனது ஒரு நீச்சல் கண்ணாடியால். யாரோ பையன் குளத்தின் அடியில் விட்டுப்போன கண்ணாடி. கப்பல் அதன் மேல் போனபோது ரப்பர் வார், வால் பக்கத்தில் சுழன்று கப்பலைத் தள்ளுகிற ரெக்கையில் சுற்றிக்கொண்டு நாராகக் கிழிந்துவிட்டது. பாய் அதைப் பத்திரமாக எடுத்து, இன்னார் வீட்டுக் கண்ணாடி என்று விசாரித்து, கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்பும் கேட்டார். கொடுக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பையனின் அம்மா நீரஜா மேடம் அதைப் படம் பிடித்துக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டார். கீழே ஒரே வரி: 'இது விரலாக இருந்தால்?'

சாயங்காலத்துக்குள் செக்ரட்டரி ஸ்ரீரங்கன் சார் இறங்கி வந்துவிட்டார். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்து, ரிட்டயரான பிறகு இங்கே வந்தவர். கெட்டவர் இல்லை. தான் உட்கார்ந்துகொண்டு யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார், யாரோடும் சேர்ந்து உட்காரவும் மாட்டார்.

"பாய், நேக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. ஆனா வெளியில சுத்திண்டு ஒரு ரெக்கை இருந்தா நாளைக்கு நான் யாருக்குப் பதில் சொல்றது? மத்தியானத்துல பசங்க கேட்டைத் தாண்டிக் குதிச்சுடறதுகள். ரெக்கை இல்லாம ஓடும்னா சொல்லுங்கோ, கமிட்டியில வெச்சுப் பாக்கலாம்."

"ரெக்கை இல்லாம எப்டி சார் ஓடும்?"

"அது உங்க பாடு."

முதலில் வேறு தண்ணீர் தேடினோம். கோயில் குளத்தில் விட முடியாது. அடையாற்றில் விட்டால் திரும்பி வந்த கப்பலைத் தொட முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பட்டினப்பாக்கத்துக்குக் கொண்டுபோனோம். கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த தேசம்மா என்ற அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"இன்னா பாய், குண்டா?"

"கப்பல்மா. முழுகிப் போற கப்பலு."

"முழுகுறதுக்குன்னே கப்பலு கட்டிக்கினு வந்த மொத ஆளு நீதான். இத்த வுட்டு இன்னா புடிப்ப, நெத்திலியா?"

நெத்திலியும் பிடிக்கவில்லை. இரண்டாவது அலை அதைத் தூக்கி எங்கள் காலடியிலேயே எறிந்தது. வால் பக்கமெல்லாம் மணல். பஸ்ஸில் திரும்பும்போது பாய் அதை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தார். அப்போதுதான் நான் சொன்னேன்.

"ரெக்கையைக் குழாய்க்குள்ள வெச்சிடலாம் பாய். வயித்துப் பக்கம் தண்ணியை இழுத்து வால் பக்கம் பீய்ச்சி அடிக்கட்டும். பீய்ச்சுற வேகத்துல கப்பல் முன்னாடி போவும். வாட்டர் ஜெட். பெரிய படகுக்கெல்லாம் இருக்கு."

"நெசமா கீதா, இல்ல எனுக்காக சொல்றியா?"

"நெசமா. நாங்க படிச்சிருக்கோம்" என்றேன். நாங்கள் படித்தது பம்ப்புதான். ஆனால் பம்ப் தெரிந்தால் இதுவும் தெரிந்த மாதிரிதான்.

அடுத்த கமிட்டிக் கூட்டம் வரை நேரம் இருந்தது. பம்ப் ரூமில்தான் வேலை; ஓட்டிப் பார்ப்பது குளத்தை மூடிய பிறகு. இரைச்சலில் கத்திக் கத்திப் பேச வேண்டும். அவர் வேலை முடிந்த களைப்போடு உட்காருவார், நான் திட்டு வாங்கிய களைப்போடு உட்காருவேன். ரெக்கை உரசாமலும் இடைவெளி விடாமலும் சுற்றுகிற அளவுக்கு ஒரு குழாய் கிடைப்பதே பெரிய பாடாக இருந்தது. கடையில் வாங்கிய பிவிசி எதுவும் சரியான வட்டம் இல்லை. கடைசியில் பாய் ஒன்றை வெந்நீரில் போட்டு எடுத்து, பாட்டில் மேல் மாட்டி ஆறவைத்து வட்டமாக்கினார்.

முதல் ஓட்டத்தில் கப்பல் முன்னால் போகாமல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. தண்ணீர் சுழன்றுகொண்டே வெளியே வந்தால், குழாய் எதிர்ப்பக்கம் புரளும். அது எனக்குத் தெரிந்த இடம். ரெக்கைக்குப் பின்னால் அசையாத தகடுகள் மூன்று வைத்தால் சுழல் நேராகிவிடும் என்றேன். காலாவதியான என் ஏடிஎம் கார்டை வெட்டி ஒட்டினோம். கப்பல் நிமிர்ந்தது. அன்றைக்கு ராத்திரி ஊருக்குப் போன் செய்து அப்பாவிடம், "ஒரு மிஷின் டிசைன் பண்ணிட்டிருக்கேன்" என்றேன். "சம்பளத்தோட சேத்தியா, தனியா?" என்று கேட்டார்.

வால் ஓட்டையில் இருவருமே தப்பாகப் போனோம். ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் தூரம் போகும். தினமும் தரை கழுவுகிற அவருக்கும் அது பழக்கம், வயலில் தண்ணீர் கட்டிய எனக்கும் பழக்கம். அதனால் ஓட்டையைச் சின்னதாக வைத்தோம். வாலை மட்டும் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்தால் எதிர்ச் சுவர் வரை பீய்ச்சியது. தண்ணீரில் விட்டால் நகரவில்லை. கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையத் தண்ணீரை நிதானமாகத் தள்ள வேண்டும் என்று, ஓட்டையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் கண்டுகொண்டோம்.

அதற்குப் பிறகும் கப்பல் திணறியது. மோட்டார் அலறும், வாலில் குமிழி வரும், போகாது. காரணம் வயிற்றில் இருந்தது. தண்ணீரை இழுக்கும் வாயில் பாய் ஒரு டீ வடிகட்டியை வைத்து ஒட்டியிருந்தார். நான் கேட்காமலே வைத்தது, நானும் கவனிக்கவில்லை. அவர் கையில் எந்த உறிஞ்சு குழாயைக் கொடுத்தாலும் முதலில் வடிகட்டி போடுவார். குளத்துக்காரர்களின் கை அப்படி. ஆனால் அந்தக் கண்ணி வழியே மோட்டாருக்குப் போதிய தண்ணீர் வரவில்லை.

வடிகட்டியைப் பிய்த்து எடுத்துவிட்டு ஓடவிட்டோம். கப்பல் அம்பு மாதிரி போனது. மறுகரையில் இடித்துவிடப் போகிறது என்று பாய் எழுந்தே நின்றுவிட்டார். வாலைத் திருப்பி வளைத்து, அமுக்கி, எழுப்பி, படிக்கட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். சிவந்த கண்ணோடு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

"இன்னாமா போது பாத்தியா புகழு!"

"இதையே கமிட்டிக்குக் காட்டுவோம் பாய்."

அவர் கப்பலைக் கையில் எடுத்து வயிற்றைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இப்டி தொறந்த வாய வெச்சிக்கினு குளத்துல வுடக் கூடாது நைனா."

"கையளவு மோட்டார் பாய் இது. எதை இழுத்துடப் போவுது?"

மறுநாள் பாய் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். உள்ளே நீளமான தலைமுடி, பந்தாகச் சுருண்டு.

"இன்னா பாய் இது?"

"வூட்ல சீப்புலேந்து எடுத்தது. எதுக்குன்னு கேட்டா. கப்பலுக்குன்னேன். மாந்திரீகம் பண்ணப் போறியான்னு அடிக்க வந்துட்டா."

முடியை ஒரு குச்சியில் கட்டி, கப்பலைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, வயிற்றருகே கொண்டுபோனார். ஒரு நொடி. முடி உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டது, மோட்டார் நின்றது. குச்சியை இழுத்தால் வரவில்லை. அவர் கத்தரிக்கோலால் வெட்டி, இடுக்கியால் இழை இழையாக எடுக்க ஆரம்பித்தார். எடுத்துக்கொண்டே சொன்னார். முன்னே வேலை பார்த்த ஓர் இடத்தில், குளத்தின் அடியில் பம்ப் உறிஞ்சும் வாயை மூடுகிற, உடைந்துபோன ஜாலியை மாற்றச் சொல்லி இவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் ஒரு பெண் பிள்ளையின் சடை அதில் போய்விட்டது. ஓடிப்போய் பம்ப்பை நிறுத்தியது இவர்தான். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

"அந்த பம்ப்பு பெரிசு, இது சின்னது, அத்தான சொல்ல வர்ற? மூச்சு வுடாம இருக்குற நேரமும் புள்ளைங்களுக்குச் சின்னதுதான்."

தண்ணீர் இழுக்கும் வாய் அகலமாக இருக்க வேண்டும், அப்போதுதான் எந்த ஓர் இடத்திலும் இழுப்பு பலமாக இருக்காது என்று கணக்கு போட்டுச் சொன்னேன். அதற்கு ஏற்ற சாமான் தேடி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளத்தை மூடியதும் கிளம்பி மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவுக்குள் போனோம். போனோம் என்பதைவிட, கூட்டம் கொண்டுபோய் விட்டது எனலாம். பாத்திரக் கடையில் பாய் ஒவ்வொரு வடிதட்டாக எடுத்து ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

கல்லாவில் இருந்தவர் பொறுக்க முடியாமல், "அண்ணே, எவ்வளவு அரிசி வடிப்பீங்க?" என்றார்.

"அரிசி இல்ல. கப்பலுக்கு."

"கப்பல்லயே கல்யாணமா? அப்ப அண்டா வாங்குங்க, கூடப் போட்டுத் தரேன்."

வடிதட்டை வெட்டி வளைத்து, வயிறு முழுவதையும் அதால் மூடினோம். முடியை வைத்துப் பார்த்தோம். தட்டின் மேல் படிந்தது, குச்சியை இழுத்ததும் வந்துவிட்டது. பாய் அதை எத்தனை தடவை செய்து பார்த்தார் என்று எண்ணவில்லை. எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. ஆனால் தட்டின் கனத்திலும் பருமனிலும் கப்பல் கர்ப்பிணி மாதிரி ஆகிவிட்டது. ஓடியது. மெதுவாக ஓடியது.

"கமிட்டி முன்னாடி மட்டும் தட்டைக் கழட்டிடலாம் பாய். வேகமாப் போனாத்தான் ஒரு மதிப்பு. ஓகே ஆனப்புறம் மாட்டிக்கலாம்" என்றேன்.

"அவுங்களுக்கு ஒண்ணு காட்டி, தண்ணில ஒண்ணு வுடச் சொல்றியா?"

"பாக்குறவங்க வேகத்தைத்தான் பாப்பாங்க."

"பாத்துட்டுப் போட்டும்" என்றார். அதற்கு மேல் வாதாட இருவருக்கும் தெம்பில்லை.

கூட்டத்தன்று குளத்தைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாய் சலவைச் சட்டையில் வந்திருந்தார். கப்பலை விட்டார். அமுங்கியது. ஊர்ந்தது. பாதிக் குளத்தைக் கடப்பதற்குள் பாதிப் பேர் போனை எடுத்துவிட்டார்கள்.

ஸ்ரீரங்கன் சார் குனிந்து பார்த்தார். "ஏன் பாய், மாட வீதியில தேர்கூட இதைவிட சுருக்கப் போயிடுமே!"

சிரிப்பு எழுந்தது. பாயும் கூடச் சிரித்தார். நீரஜா மேடம் சிரிக்கவில்லை. "தண்ணியை எந்தப் பக்கம் இழுக்கறது? அங்க தலைமுடி மாட்டிண்டா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். பாய் கப்பலைக் கரையேற்றி, வயிற்றைத் திருப்பிக் காட்டி, கவரிலிருந்து முடியை எடுத்துச் செய்து காட்டினார். மேடம் தன் கையாலேயே குச்சியை வாங்கி இரண்டு முறை வைத்துப் பார்த்தார்.

"தட்டு கழண்டுடாதே?"

"ஸ்குரூ போட்டுக்கீது மேடம். நான் கழட்டுனாத்தான் கழலும்."

"நீங்க கழட்ட மாட்டேளே?"

"மாட்டேன்."

கமிட்டி கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசியது. பிறகு ஸ்ரீரங்கன் சார் சந்தோஷமாகவே சொன்னார்: "சரி பாய், ஓட்டிக்கோங்கோ. மத்தியானத்துல வேண்டாம், பசங்க தொல்லை. திங்கட்கிழமைதான் குளத்துக்கு லீவாச்சே, ஒருத்தரும் வரமாட்டா. அன்னிக்கு நாள் பூரா உங்க இஷ்டம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நல்லது செய்த திருப்தி முகங்களில் தெரிந்தது.

"டேங்க்ஸ் சார்" என்றார் பாய்.

எனக்கு வாய்வரை வந்தது. குளத்துக்கு லீவு என்றால் குளத்துக்காரருக்கு லீவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலக்கிய தண்ணீரில் ராத்திரியே படிகாரம் கரைத்து விட்டால்தான் திங்கள் காலையில் அழுக்கெல்லாம் அடியில் மாவாகப் படியும். படிந்ததைக் கலையாமல் நீளக் கம்பின் முனையில் குழாய் கட்டி, அங்குலம் அங்குலமாக உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு சின்ன அசைவு போதும், எல்லாம் மேலே எழும்பி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் தண்ணீரில் போய், வயிற்றால் இழுத்து வாலால் பீய்ச்சுகிற கப்பலை யார் விடுவது?

"ஏன் பாய் சொல்லல?" என்று பம்ப் ரூமில் கேட்டேன்.

"குட்த்தாங்களே, அதுவே. இன்னொரு தபா பேசுனா அதுவும் பூடும்."

திங்கட்கிழமை சொல்லவே வேண்டாம். காலை முழுக்கக் கம்போடு நடந்தார். அப்புறம் ஓரத்து டைல்ஸில் முட்டிபோட்டு எண்ணெய்க் கறையைத் தேய்த்தார். ஃபில்டரில் தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டுக் கழுவினார். குறைந்த தண்ணீருக்கு டேங்கர் வர வேண்டும்; வரவில்லை; அதற்கு நான் நான்கு பேரிடம் பேச்சு வாங்கினேன். லாரி வந்து, தண்ணீர் ஏறி, மருந்து போட்டு முடித்தபோது சாயங்கால வெயில் மதிலுக்கு மேல் ஏறிவிட்டிருந்தது. அவர் கால்சட்டை முழங்கால் வரை நனைந்து, உள்ளங்கால் வெளுத்து ஊறியிருந்தது.

இருந்தும் கப்பலை எடுத்துவந்தார். யாரும் இல்லை. அன்று குளம் கழுவிய கண்ணாடி மாதிரி இருந்தது; அடியில் டைல்ஸ் கோடுகூடத் தெரிந்தது.

"இப்ப யாருமே இல்ல பாய். தட்டைக் கழட்டிடலாமா? ஒரு ரவுண்டு, வேகமா" என்றேன்.

ஸ்குரூவையும் என்னையும் பார்த்தார். "வோணாம். இருக்குற அலுப்புல திரும்ப மாட்டாம பூடுவேன்."

கப்பலை விட்டார். அது தன் பருத்த வயிற்றோடு அமுங்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கிளம்பியது. இவர் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பாதி வழியில் ரிமோட்டை என்னிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு. நான் பாக்குறேன்."

ஓட்டினேன். ரெக்கை சுற்றுவது எங்கேயும் தெரியவில்லை. வாலுக்குப் பின்னால் தண்ணீர் மட்டும் லேசாக நெளிந்தது. மறுகரையில் திருப்பும்போது, "எவ்ளோ தூரம் போச்சு?" என்று கேட்டார். சொன்னேன். திரும்பிப் பார்த்தேன். கழுத்து ஒரு பக்கம் சாய, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப் போயிருந்தார்.

என் போன் அடித்தது; லிஃப்ட்டாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. பாட்டரி தீர்வதற்குள் கப்பலைப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்து, தூக்கி, துண்டால் துடைத்து அவர் நாற்காலிக்கு அருகில் வைத்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. குளத்து விளக்கின் சுவிட்ச் அவர் தலைக்கு மேலே இருந்தது. போட்டால் முழித்துக்கொள்வார். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று நானும் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.